எண் ஒன்று, சுற்றளவு வேறு: பத்துச் சக்கர லாரியின் ஜோடி டயர்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

நாமக்கல்லுக்கு அருகில் ஒரே ஒரு லாரியை வைத்துத் தொழில் செய்பவர் ஒருவர். பத்துச் சக்கர வண்டி: முன்னே இரண்டு, பின்னால் இரண்டு அச்சுகளில் ஒவ்வொரு பக்கமும் உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக ஜோடி டயர்கள். கர்நாடகத்தின் தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றி வந்து இங்குள்ள கோழித் தீவன ஆலைகளில் இறக்குவது வாடிக்கை. ஒரு நடைக்கு 500 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெங்களூரைக் கடந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர் கணவாய், சேலம் என்று வரும் பாதை இந்தப் பக்கத்து ஓட்டுநர்களுக்கு மனப்பாடம்.

வண்டியில் இருந்தவை டியூப் போட்ட 10.00 ஆர் 20 ரேடியல் டயர்கள். மாசி மாதம் இரண்டு பழைய டயர்களைக் கழித்துவிட்டுப் புதிதாக இரண்டு வாங்கினார். பழையவை நேர்கோட்டுப் பட்டை கொண்ட ரிப் டயர்கள், புதியவை குறுக்கே தடித்த கட்டிகள் கொண்ட லக் டயர்கள், நிறுவனமும் வேறு. ஆனால் பக்கச்சுவரில் இருந்தது அதே எண். எஞ்சின் விசை போகும் பின் அச்சில், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக, இரண்டையும் உள்பக்கத்தில் மாட்டினார்கள். உள் டயர் பஞ்சரானால் வெளி டயரையும் கழற்ற வேண்டும் என்பதால் நல்ல டயரை உள்ளே போடுவது இங்கே பலருடைய வழக்கம். அதில் நியாயமும் இருக்கிறது. இந்த வண்டியில் அந்த நியாயமே வினையாயிற்று.

நான் லாரி நிறுவனம் ஒன்றில் 22 ஆண்டுகள் டயர் பிரிவைப் பார்த்துக்கொண்டவன். இப்போது ஓரிரு வண்டி வைத்திருப்பவர்கள் கூப்பிட்டால் போய்ப் பார்க்கிறேன். இந்த வண்டி என்னிடம் வந்தது டயர் வெடித்த பிறகுதான்.

வெடித்த நாள்

பங்குனி கடைசி வாரம், பிற்பகல் இரண்டு மணி. சரக்கோடு வந்த வண்டி சூளகிரியைத் தாண்டியதும் இடப்பக்க உள் டயர் வெடித்தது. மட்கார்டு கிழிந்து தொங்கியது, யாருக்கும் காயமில்லை. ஓட்டுநர் பதறாமல் ஓரங்கட்டி, ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். “தொப்பூர் இறக்கத்தில் நடந்திருந்தால் என் கதை வேறு, அண்ணா” என்று அவர் சொன்னபோது அவருடைய பார்வை டயரை விட்டு விலகவில்லை.

புது டயர் 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. இருபதாயிரத்துக்கு மேல் விலை கொடுத்து வாங்கியது. உரிமையாளர் கடைக்காரர் வழியாக நிறுவனத்திடம் ஈடு கேட்டார். ஆய்வு செய்ய வந்தவர் வெடித்த டயரின் உட்புறத்தைக் காட்டினார். ரப்பர் நீலம் பாரித்து, தோள்பட்டைப் பகுதியில் அடுக்குகள் பிரிந்திருந்தன. தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏறிச் சூடான டயர் என்று எழுதி ஈட்டை மறுத்துவிட்டார்.

உரிமையாளரின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. எடைமேடைச் சீட்டு அவர் கையில் இருந்தது: சரக்கோடு 28.2 டன். 2018இல் அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியபின் மூன்று அச்சு வண்டிக்கு 28.5 டன் வரை அனுமதி உண்டு. அதிக பாரம் ஏற்றாதவரிடம் அதிக பாரம் என்று சொன்னால் எரிச்சல் வராமல் இருக்குமா?

உரிமையாளர் அளந்தது

அன்று மாலை அவரே டேப்பை எடுத்து வலப்பக்கத்தில் மீதமிருந்த புது டயரை அளந்தார். அகலம் 28 சென்டிமீட்டருக்கு மேல் வந்தது. 10.00 என்றால் பத்து அங்குலம், அதாவது 25.4 சென்டிமீட்டர்தானே இருக்க வேண்டும்? பிறகு உயரம். “ரிம் இருபது, மேலே பத்து, கீழே பத்து, மொத்தம் நாற்பது அங்குலம். இது நாற்பத்தொன்றரைக்கும் மேல் வருகிறது. எழுதியிருப்பது ஒன்று, விற்றது ஒன்று. இது மோசடி இல்லையா, அண்ணா?” என்று கேட்டார்.

கடைக்காரரோடு பெரிய சண்டையே நடந்திருந்தது. நான் போனபோது இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

எழுதிய எண்ணின் பொருள்

அவர் டேப் பிடித்ததில் பெரிய தவறில்லை. எண்ணைப் புரிந்துகொண்டதில்தான் தவறு. முதலில் அவருக்கு விளக்கியது இதைத்தான்.

10.00 என்பது ஒரு பெயர். பழைய நாளில் அகலத்தை ஒட்டி வைத்த பெயர் நிலைத்துவிட்டது, டயர் அந்த அளவில் நிற்கவில்லை. இந்த டயருக்கு உரிய 7.50 அங்குல ரிம்மில் மாட்டிக் காற்றடித்தால் அகலம் 278 மில்லிமீட்டர் என்பதே தர அட்டவணைகளின் கணக்கு. கிட்டத்தட்ட பதினொரு அங்குலம். இதற்கு ஈடாக டியூப் இல்லாமல் ஓடும் டயரின் பெயர் 11 ஆர் 22.5. அதன் அகலமும் ஏறக்குறைய இதேதான். ஒரே அகலத்துக்கு டியூப் போட்டால் பத்து என்றும், டியூப் இல்லாவிட்டால் பதினொன்று என்றும் பெயர்! உயரமும் அப்படித்தான். ரிம்முக்கு மேல் டயரின் உயரம் பத்து அங்குலம் என்று அந்த எண் எங்கும் சொல்லவில்லை. 10.00 ஆர் 20 டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 1050 மில்லிமீட்டர், அதாவது 41 அங்குலத்துக்கு மேல். 295/80 ஆர் 22.5 போன்ற மெட்ரிக் எண்களில் அகலத்தில் எத்தனை விழுக்காடு உயரம் என்பதும் சேர்ந்து வருகிறது. அதனால் கூட்டிக் கணக்கிட்டால் 1043.5 மில்லிமீட்டர் என்று விடை கிடைக்கும். ஆனால் அதுவும் வடிவமைப்பு அளவுதான். கடையில் வாங்கும் டயர் சரியாக அந்த மில்லிமீட்டரில் வந்து நிற்காது.

டயர் எவ்வளவு விலகலாம் என்பதற்கும் விதி இருக்கிறது. வணிக வாகன டயர்களுக்கான ஐ.நா.வின் 54ஆம் எண் ஒழுங்குவிதியில் சாதாரணப் பயன்பாட்டு ரேடியல் டயரின் அகலம் குறித்த அளவைவிட 4 விழுக்காடும், நைலான் டயரின் (இழைகள் சாய்வாகக் குறுக்கிடும் பழைய வகை) அகலம் 8 விழுக்காடும் கூடலாம். விட்டத்தில் ரிம்முக்கு மேலுள்ள உயரம் 3 விழுக்காடு குறையலாம். ரேடியலில் 4, நைலானில் 7 விழுக்காடு கூடலாம். இந்தியாவில் இவ்வகை டயர்களுக்கு ஐ.எஸ். 15636 என்ற தர அளவை இருக்கிறது. அந்த விழுக்காடுகளை 10.00 ஆர் 20க்குப் பொருத்திப் பார்த்தால் விட்டம் சுமார் 1034 மில்லிமீட்டரில் தொடங்கி 1072 வரை எங்கே நின்றாலும் டயர் விதிக்கு உட்பட்டதே. ஒரே எண்ணுக்குள் சுமார் 38 மில்லிமீட்டர் இடைவெளி!

இன்னொன்றையும் காட்டினேன். அந்த அளவெல்லாம் சுமையில்லாத டயருக்குரியது. உரிய ரிம்மில் மாட்டி, குறித்த காற்றழுத்தத்தில் குறைந்தது 24 மணி நேரம் வைத்து, அழுத்தத்தைச் சரிபார்த்த பிறகே அளப்பார்கள். அகலத்தை ஆறு இடங்களில் பார்த்து மிக அதிகமானதை எடுப்பார்கள்; பக்கச்சுவரில் புடைத்திருக்கும் எழுத்தும் வரிப்பட்டையும் அதில் சேரா. விட்டத்தைச் சுற்றளவிலிருந்து கணக்கிடுவார்கள். சுமையோடு நிற்கும் லாரியில் தரையிலிருந்து டயரின் உச்சி வரை அளந்தால் அடிப்பகுதி அமுங்கி ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் குறைவாகக் காட்டும். உரிமையாளர் சரக்கு இறக்கிய பிறகு அளந்ததால் அந்தக் குழப்பம் இல்லை.

ஆகவே புது டயரின் எண்ணில் ஏமாற்று இல்லை. அதைச் சொன்னவுடன் அவர் முகம் வாடியது. ஆனால் அத்துடன் விஷயம் முடியவில்லை. எண் பொய்யில்லை என்றால் டயர் ஏன் வெடித்தது?

மறுநாள் காலை

என் முதல் அளவை நானே தள்ளினேன். முந்திய மாலை, வண்டி ஓடி வந்த சூட்டோடு, காற்றழுத்தம் பார்க்காமல் ஜோடிகளை அளந்திருந்தேன். பிறகு மீட்டர் வைத்துப் பார்த்தால் வலப்பக்க உள் டயரில் 118 பி.எஸ்.ஐ., வெளி டயரில் 96. ஓட்டுநர் இத்தனை நாளும் இரும்புக் கம்பியால் தட்டி ஓசையை வைத்துத்தான் காற்றை மதிப்பிட்டு வந்திருக்கிறார். தட்டினால் காற்றே இல்லாத டயர் தெரியும், 20 பி.எஸ்.ஐ. குறைவு தெரியாது. டயர்களை ஆறவிட்டு எல்லாவற்றையும் 120க்குக் கொண்டுவந்து, சக்கரங்களைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து, இரவு முழுவதும் விட்டோம்.

காலை ஆறரை மணி. வெயில் ஏறுமுன் தையல்காரர் டேப் போன்ற வளையும் எஃகு டேப்பை டயரின் நடுவே சுற்றிப் பிடித்தோம். ஓட்டுநர் ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ள, நான் எண்ணைப் படித்துச் சாக்பீஸால் பக்கச்சுவரில் எழுதினேன். வலப்பக்க உள் டயர், புதியது: 3,324 மில்லிமீட்டர். அதன் ஜோடியான வெளி டயர்: 3,250. வித்தியாசம் 74. விட்டத்தில் 23.6 மில்லிமீட்டர்.

ஜோடி டயர்களுக்கு டயர் கையேடுகள் வைக்கும் வரம்பு தெளிவானது. 8.25-20 வரையான டயர்களுக்கு விட்டத்தில் கால் அங்குலம், 9.00-20 முதல் பெரியவற்றுக்கு அரை அங்குலம். சுற்றளவில் சொன்னால் ஒன்றரை அங்குலம், 38 மில்லிமீட்டர். இந்த ஜோடி அதற்கு ஏறக்குறைய இரு மடங்கு.

காரணத்தைப் பிரித்துப் பார்த்தோம். பட்டன் ஆழம், அதாவது தரையில் படும் ரப்பர் வரிகளின் ஆழம், புதியதில் 18.5 மில்லிமீட்டர், பழையதில் 9.5. ஒன்பது மில்லிமீட்டர் வித்தியாசம் விட்டத்தில் இரு மடங்காகி 18 ஆகிறது. மீதி 5.6 மில்லிமீட்டருக்குத்தான் வார்ப்பும் நிறுவனமும் பொறுப்பு. அதைவிட முக்கியமானது ஒன்று: பழைய ரிப் டயர் புதிதாக இருந்தபோது பட்டன் 15, லக் டயருக்கு 20. இரண்டும் கடையிலிருந்து அன்றே வந்த புது டயர்களாக இருந்திருந்தாலும் விட்டத்தில் சுமார் 15 மில்லிமீட்டர் வேறுபட்டிருக்கும். அப்போதும் ஜோடி சேராது. தயாரிப்புக்கு விதி விடும் இடைவெளி சுமார் 38, ஜோடி சேர்ப்பதற்கு உள்ளது 12தான். பக்கச்சுவர் எண்ணைப் பார்த்து ஜோடி சேர்க்கவே முடியாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

சுமை எங்கே போயிற்று

இரண்டு பின் அச்சுகளுக்கும் சேர்த்து அனுமதி 21 டன். எட்டு டயருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 2,625 கிலோ. இந்த டயர்களின் பக்கச்சுவரில் 146/143 என்று இருந்தது. முதல் எண் தனி டயருக்கு 3,000 கிலோ. இரண்டாவது ஜோடியில் ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் 2,725 கிலோ. கையிருப்பு வெறும் 100 கிலோ. பெரிய டயர் தரையை முதலில் தொட்டுச் சுமையை வாங்கிக்கொள்ளும். ஜோடியின் 5,250 கிலோ அறுபதுக்கு நாற்பது என்று பிரிந்தாலே பெரிய டயரின் பங்கு 3,150; தாங்கும் அளவுக்கு மேல் 425 கிலோ. வெளி டயரில் காற்றும் குறைவு என்பதால் சுமை இன்னும் உள்ளே சாயும். உள் டயருக்குக் காற்றோட்டமும் குறைவு. பங்குனி வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்கு அது எப்படித் தாங்கும்?

ஆய்வாளர் எழுதியது சரி. உரிமையாளர் சொன்னதும் சரி. வண்டியில் அதிக பாரம் இல்லை. அந்த ஒரு டயரில் அதிக பாரம். இதைக் கேட்டபிறகுதான் அவர் கடைக்காரருக்கு மறுபடி போன் செய்தார்.

சிறிய டயரின் பாடு வேறு. இரண்டும் ஒரே ஹப்பில் கட்டப்பட்டவை. சேர்ந்துதான் சுற்ற வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் ஏறத்தாழ 300 முறை சுற்றும். சுற்றுக்கு 74 மில்லிமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 22 மீட்டர். 500 கிலோமீட்டர் நடைக்கு 11 கிலோமீட்டர் தூரம் ஒன்று மற்றதை இழுக்கிறது. சுமையில் அமுங்குவதால் இது கொஞ்சம் குறையலாம், ஆனால் அடையாளம் கண்கூடாக இருந்தது. வெளி டயரின் பட்டன்மேல் உள்ளங்கையை ஒருபக்கமாக ஓட்டினால் வழுக்கியது. திருப்பி ஓட்டினால் ரம்பப் பல்போல் பிடித்தது. ஓட்டுநரையும் தடவிப் பார்க்கச் சொன்னேன். “இந்த உறுமல் சத்தம்தான் ஒரு மாதமாக வந்தது, நான் பேரிங் என்று நினைத்தேன்” என்றார்.

எடுத்த முடிவுகள்

வழிகள் மூன்று இருந்தன. பழையதை எல்லாம் கழித்துவிட்டு எட்டும் புதிதாக வாங்குவது. கையில் காசு இல்லை. சின்ன டயர்களை உடனே ரீட்ரெடிங் செய்து, அதாவது மேல்பரப்பைச் சீவிப் புதுப் பட்டை ஒட்டி, உயர்த்துவது. பட்டன் இன்னும் பாதி இருக்கும் டயரைச் சீவி எறிவதற்கு எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது, இருப்பதையே சுற்றளவு பார்த்துக் கலைத்து அடுக்குவது. அதைத் தேர்ந்தோம். ஆனால் மீதமிருந்த ஒற்றை லக் டயருக்கு ஜோடியாக அதே நிறுவனத்தில், அதே வார்ப்பில் ஒன்று வாங்கியே ஆகவேண்டும்.

கடைக்காரரிடம் ஒரு நிபந்தனை வைத்தோம்: மாட்டிக் காற்றடித்து மறுநாள் அளப்போம், பொருந்தாவிட்டால் ஓட்டாமல் திருப்பித் தருவோம். முதலில் முகம் சுளித்தார், பிறகு ஒப்புக்கொண்டார். அளந்தது 3,335. பழைய லக் 3,324. பொருந்தியது.

பின் அச்சுகளில் மீதமிருந்தவையும் ஸ்டெப்னியுமாக மற்ற ஏழும் இப்படி வந்தன: 3,271, 3,262, 3,258, 3,250, 3,244, 3,239, 3,228. கடைசி அச்சின் வலப்பக்கத்தில் 3,271ஐயும் 3,228ஐயும் சேர்த்து ஓட்டியிருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதுவும் 43 மில்லிமீட்டர், வரம்புக்கு மேல். யாருக்கும் தெரியாமல் அடுத்த வெடிப்பு அங்கே காத்திருந்தது. வரிசையாக இரண்டிரண்டு சேர்த்து, 3,228ஐ ஸ்டெப்னி ஆக்கினோம். ஒவ்வொரு ஜோடியிலும் பெரியதை வெளியே போட்டோம். சாலை ஓரத்தை நோக்கிச் சரிவதால் உள் டயருக்குத்தான் சுமை அதிகம் சாயும்.

ஒரு முடிவில் உரிமையாளருக்கும் எனக்கும் கருத்து வேறுபட்டது. லக் டயர் பிடிமானத்துக்கு என்று வாங்கியது. விசை அச்சில்தான் இருக்கவேண்டும் என்றார். நான் மறுத்தேன். அந்த அச்சில் இடப்பக்கம் 3,335, வலப்பக்கம் 3,250 என்று இருந்தால் இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் நேர்சாலையிலும் ஓயாமல் வேலை செய்யும். விசை போகாத கடைசி அச்சில் இரு பக்கமும் தனித்தனியாகச் சுற்றும், அங்கே பாதகமில்லை. லக் ஜோடியைக் கடைசி அச்சின் இடப்பக்கத்திலும், 3,244–3,239 ஜோடியை எதிர்ப்பக்கத்திலும் மாட்டினோம். விசை அச்சுக்கு 3,271–3,262, 3,258–3,250. அவர் மனமில்லாமல்தான் தலையாட்டினார்.

பிறகு நடந்தது

அடுத்த மூன்றரை மாதத்தில் வண்டி சுமார் 16,000 கிலோமீட்டர் ஓடியது. உறுமல் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. ரம்பப் பல்போல் தேய்ந்த இரு டயர்களும் சமப்படவேயில்லை. அப்படித் தேய்ந்த டயரை இடம் மாற்றினால் சரியாகிவிடும் என்று நான் நம்பியது தவறு.

ஆடிப் பதினெட்டுக்கு வண்டி நின்ற மூன்று நாளில் கடைசி அச்சின் வலப்பக்க ஜோடியை ரீட்ரெடிங்குக்குக் கொடுத்தோம். வழக்கமாக வார்ப்பு என்ன, விலை என்ன என்று மட்டும் கேட்பார்கள். நாங்கள் கேட்டது முடிவில் சுற்றளவு என்ன வரும் என்பது. பட்டறைக்காரர் வியந்தாலும் அவருக்கு அது எளிய கணக்கு: சீவிய பிறகு டயர் 3,195 இருந்தால், 16 மில்லிமீட்டர் பட்டை ஒட்டும்போது சுற்றளவு 100 கூடும், இடையில் வைக்கும் ஒட்டு ரப்பர் இன்னும் சில மில்லிமீட்டர் தரும். இரண்டு டயரையும் ஒரே சுற்றளவுக்குச் சீவச் சொன்னோம். லக் வார்ப்பில் 3,303, 3,296 என்று வந்தன.

மாற்ற வேண்டியவை

என் பழைய நிறுவனத்தில் பட்டன் ஆழம் பார்க்கும் அளவுகோலை மட்டுமே நம்பி ஜோடி சேர்த்தோம். ஒரே நிறுவனம், ஒரே வார்ப்பு என்றால் அது போதும். நிறுவனம் மாறினால், ரீட்ரெடிங் டயர் நடுவே வந்தால், போதாது. இந்த வண்டியில் ஆழத்தால் விளங்காத 5.6 மில்லிமீட்டர் இருந்தது. ரிம்மையும் நான் தாமதமாகத்தான் பார்த்தேன். ஸ்டெப்னி ரிம் 7.00 அங்குலம்; அதில் மாட்டினால் அதே டயரின் அகலம் 5 மில்லிமீட்டர் சுருங்கிவிடும். அதை மாற்றச் சொல்லியிருக்கிறேன்; இன்னும் மாற்றவில்லை.

டயர் மாட்டும் நாளிலேயே சுற்றளவு, ஆழம், காற்றழுத்தம் மூன்றையும் வண்டி நோட்டில் எழுதச் சொன்னேன். ஓட்டுநரிடம் மீட்டர் இருக்கிறது. கம்பியை இன்னும் வைத்திருக்கிறார். வழியில் நிறுத்தும்போது அதனால் தட்டுகிறார், ஏற்றுமுன் மீட்டர் வைக்கிறார்.

ஆடி கடைசியில் மறுபடி அளந்தோம். லக் ஜோடி தேய்ந்து 3,318, 3,307. எதிர்ப்பக்கம் 3,303, 3,296. கடைசி அச்சின் இரு பக்கமும் இப்போது கிட்டத்தட்ட சமம், நான்கும் லக் வார்ப்பு. அன்றே இரண்டு அச்சு டயர்களையும் இடம் மாற்றினோம்; உரிமையாளர் முதலிலிருந்து கேட்டபடி லக் டயர்கள் விசை அச்சுக்குப் போயின. டேப்பின் மறுமுனையை அன்று அவரே பிடித்துக்கொண்டு எண்களைப் படித்தார், நான் எழுதிக்கொண்டேன்.